டூங்காபி ஓடைக்கரைக் காட்டுத்துண்டு: களையெடுப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கரையான்:

வணக்கம். மேற்கு சிட்னியில், டூங்காபி ஓடையை ஒட்டிய ஒரு காட்டுத்துண்டில் புஷ்கேர் குழு (காட்டைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழு) தொடங்க கவுன்சில் சம்மதித்திருக்கிறது. சுமார் அரை ஹெக்டேர். பதிவு, காப்பீடு, கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், அவர்களுடைய சூப்பர்வைசர் கூடவே இருப்பார். எங்கள் பக்கம் இருபது இருபத்தைந்து பேர், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். ஆர்வம் நிறைய, அனுபவம் பூஜ்யம்.

இட நிலவரம்: பாதைப் பக்க மேட்டில் நாலைந்து பெரிய யூக்கலிப்டஸ், அடியில் புல்லும் ஒரு முள்புதரும், களை குறைவு. கீழே இறங்க இறங்க உண்ணிச்செடி (லந்தானா). ஓடைக்கரை முழுக்க பிரிவெட் என்ற களைப் புதர்மரம். அதற்கடியில் தரையே தெரியாமல் டிராட் என்ற படர்களை. மரங்கள் மேல் ஊதின பை போலக் காய்க்கும் ஒரு கொடி. பார்த்தால் முடக்கத்தான் மாதிரியே இருக்கிறது. பூங்கா ஓரம் பத்து மீட்டருக்கு கிக்குயூ புல்.

எங்கள் திட்டம், முதல் இரண்டு ஞாயிறுகளில் எல்லோருமாக இறங்கி ஓடைக்கரையைச் சுத்தமாக்குவது. மூன்றாவது ஞாயிறு 300 மரக்கன்று நடுவது. சூப்பர்வைசர் சிரித்துவிட்டு "மெதுவாகப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். என்ன தவறு? பிரிவெட்டை வெட்டினால் துளிர்க்காமல் இருக்க என்ன வழி? அந்தக் கொடி முடக்கத்தான்தானா, ரசம் வைக்கலாமா? சிலர் வேம்பும் முருங்கையும் வைக்கலாமே என்கிறார்கள்.

வேர்வரை:

அவர் ஏன் சிரித்தார் என்று புரிகிறது. நீங்கள் தொடங்க நினைக்கிற இடம்தான் கடைசியாகப் போக வேண்டிய இடம்.

1960களில் சிட்னி மோஸ்மனில் ஜோன், ஐலீன் என்ற பிராட்லி சகோதரிகள் வீட்டருகே இருந்த காட்டில் கையால் களையெடுத்துப் பார்த்து உருவாக்கிய முறைதான் இன்றைக்கும் இங்கே அடிப்படை. நல்ல காட்டிலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணையும் சருகையும் கிளறியதை அப்படியே திரும்பப் போடு. உள்ளூர்ச் செடி எவ்வளவு வேகமாகத் திரும்ப முளைக்கிறதோ அந்த வேகத்துக்கு மேல் களையை எடுக்காதே. மூன்றில் கடைசிதான் புதியவர்களுக்குக் கஷ்டம். மூன்று மணி நேரம் உழைத்து மூன்று சதுர மீட்டர்தான் முடிந்தது என்றால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த மூன்று மீட்டரில் களை அவ்வளவு எளிதாகத் திரும்ப வராது.

ஏன் என்றால், களை வளர்வதற்கு வேண்டியது வெளிச்சமும் கிளறிய மண்ணும். ஒரே நாளில் அரை ஹெக்டேரைத் திறந்துவிட்டால் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். ஆறு வாரத்தில் அங்கே நிற்பது காபிளர்ஸ் பெக்ஸ், எர்ஹார்ட்டா புல், பிரிவெட் நாற்று, ஆமணக்கு. மாதம் மூன்று மணி நேரம் வருகிற குழுவால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஒரு நாள் எடுத்த களைக்குப் பின்னால் பல நாள் பின்தொடர் வேலை இருக்கிறது. வெயில் காலத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பழைய இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பின்தொடர முடிகிற பரப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் திறக்க வேண்டும்.

நீங்கள் "புல்லும் முள்புதரும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போன மேடுதான் உங்கள் சொத்து. அந்த முள்புதர் பெரும்பாலும் பர்சேரியா ஸ்பைனோசா என்ற உள்ளூர்ச் செடி. புல்லில் கங்காருப் புல், மைக்ரோலீனா என்ற உள்ளூர்ப் புற்கள் இருக்கக்கூடும். அது கம்பர்லாந்து சமவெளிக் காட்டின் மிச்சம் என்றால், பழைய பரப்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே மீந்திருக்கிற வகை; 2009-லேயே மத்திய அரசு அதை மிகவும் ஆபத்தில் இருக்கும் காட்டு வகை என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. ஷேல் களிமண்ணில் வளரும் காடு. மழை பெய்த மறுநாள் இருபது பேர் மிதித்தால் மண் இறுகிப்போய் விதை முளைக்காது. மண் நனைந்து ஊறியிருந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

ஆக முதல் ஆறு மாதம் மேட்டில் மட்டும். ஒவ்வொரு பெரிய மரத்தடியிலும் உட்கார்ந்து, பறவை எச்சத்தில் வந்து முளைத்த பிரிவெட், ஆப்பிரிக்க ஆலிவ், ஆக்னா நாற்றுகளை எடுங்கள். லேசாக ஈரம் மிச்சமிருக்கும் மண்ணில் விரல் பருமனுக்குக் குறைந்த பிரிவெட்டை அடியில் பிடித்து மெல்ல இழுத்தால் வேரோடு வரும். ஆக்னாவை இழுக்க வேண்டாம். ஆணிவேர் பாதியில் அறுந்து மறுபடி துளிர்க்கும். தண்டின் இரு பக்கமும் பட்டையைச் சுரண்டிக் களைக்கொல்லி மருந்து தடவுவதுதான் அதற்கு. பிடுங்கிய குழியைச் சருகால் மூடி உள்ளங்கையால் அழுத்துங்கள். மேடு சுத்தமானதும் லந்தானாவின் மேல் ஓரத்தை இரண்டு மீட்டர், மூன்று மீட்டராகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போங்கள்.

லந்தானாவையும் ஒட்டுமொத்தமாக எடுக்கக் கூடாது. நீலக் குருவி (சூப்பர்ப் ஃபேரி ரென்) போன்ற சின்னப் பறவைகளுக்குப் பூனையிடமிருந்தும் பெரிய பறவைகளிடமிருந்தும் ஒளிந்துகொள்ள இப்போது இருக்கிற ஒரே அடர்த்தி அதுவாக இருக்கலாம். ஒரு திட்டு எடுத்தால் பக்கத்துத் திட்டை விட்டுவையுங்கள். அந்த இடத்தில் பர்சேரியா இடுப்பளவு வந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை கூடு கட்டும் காலம், அடர் புதர் பக்கம் போகாதீர்கள். பிரிவெட் கிளையில் பந்து மாதிரிக் குச்சியும் பட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தால் அது ரிங்டெயில் பாசம் (possum) என்ற மரவாழ் விலங்கு குடியிருக்கும் கூடு; அந்த மரத்துக்கு ரிப்பன் கட்டிவிட்டு நகருங்கள்.

பிரிவெட் விஷயம். வெட்டித் துளிர்க்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் மருந்து தடவத் தாமதிப்பதுதான். வெட்டியதும் செடி காயத்தை அடைக்கத் தொடங்கிவிடுகிறது, மருந்து உள்ளே இறங்குவதில்லை. பதினைந்து நொடிக்குள் தடவியாக வேண்டும். அதனால் இருவர் இருவராக வேலை: ஒருவர் வெட்ட, மற்றவர் மருந்துக் குப்பியோடு பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள், சாய்க்காமல் மட்டமாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் மருந்து வழிந்தோடும். முனை கூராகி அடுத்தவர் முழங்காலைக் கிழிக்கும். வெட்டுக்கு முன்பே அடித்தண்டில் ஒட்டிய மண்ணைத் துடையுங்கள். கிளைபோசேட் (நாம் தடவும் களைக்கொல்லி) மண்ணைத் தொட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. பெரிய அடிமரத்தில் நடுவில் தடவுவது வீண். பட்டைக்கு உள்ளே ஒட்டிய வளையம்தான் வேருக்குக் கொண்டுபோகும் வழி. மருந்தின் அடர்த்தி லேபிளில் உள்ளபடி, சூப்பர்வைசர் கலந்து தருவார். சாயம் கலந்து வாங்கிக்கொள்ளுங்கள், எது தடவியது எது விட்டது என்று தெரியும்.

ஓடைக்கரையில் சாதாரண வகைக் கிளைபோசேட் கூடவே கூடாது. அதில் மருந்தை ஒட்டவைக்கச் சேர்க்கிற பொருள்தான் தவளைக் குஞ்சுகளுக்கு எமன். நீர்நிலை அருகே பயன்படுத்தப் பதிவான கிளைபோசேட் தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கடும் வறட்சியிலும், குளிரில் செடி உறங்கும்போதும் மருந்து சரியாக இறங்காது. கை பருமனுக்கு மேற்பட்ட ஆலிவும் பிரிவெட்டும் சூப்பர்வைசர் வேலை. அடிமரத்தைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 45 பாகை கீழ்நோக்கி, ஒவ்வொன்றையும் போட்டவுடன் நிரப்பி அடுத்ததுக்குப் போக வேண்டும். எல்லாத் துளையையும் போட்டுவிட்டுக் கடைசியில் நிரப்புகிறவர்களுக்கு மரம் சாகாது. செத்த மரம் நின்றபடியே இருக்கட்டும். கரையைப் பிடித்திருப்பது இப்போதைக்கு அந்த வேர்தான். வேரோடு பெயர்த்தால் அடுத்த வெள்ளத்தில் கரை போகும்.

மணல்வீடு:

வேர்வரை அக்கா சொன்னதோடு ஒன்று. களையைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் களை மாதிரி இருக்கிற நல்ல செடியைத் தெரிந்துகொள்ளுங்கோ. டூங்காபிப் பக்கம் புதுக் குழுக்கள் செய்கிற பெரிய சேதம் அங்கதான்.

டிராட் என்று பிடுங்குகிறதில் பாதி நல்ல செடியாக இருக்கக்கூடும். கமெலினா சயனியா என்று இந்த மண்ணுக்கு உரிய ஒன்று இருக்குது, எங்கட ஊர்க் கானாவாழைக்குச் சொந்தம். பூ நீலம் என்றால் தொடாதீங்கோ. வெள்ளைப் பூ, மூன்று இதழ், இலை மினுமினுப்பு என்றால் டிராட். பூ இல்லாத காலத்தில் சந்தேகம் என்றால் விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் காட்டுங்கோ.

புல்லில் மைக்ரோலீனாவும் எர்ஹார்ட்டாவும் பக்கத்தில பக்கத்தில வளரும், நிழல் இடத்தில இரண்டும் ஒரே மாதிரி. மைக்ரோலீனா இலையின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு இறுக்கம் தெரியும், நூலால் கட்டி இழுத்துவிட்ட மாதிரி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். எர்ஹார்ட்டாவின் நிறம் வெளிறிய பச்சை, தண்டு மெத்தென்று இருக்கும், அடி கொஞ்சம் சிவந்திருக்கும். அது முளைத்துக் கொஞ்ச நாளிலேயே விதை கட்டிவிடும், அதனால் கண்ட உடனேயே எடுக்க வேணும். ஆலிவ் இலையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மஞ்சள் கலந்த பழுப்பு, நுனியில் ஒரு சின்னக் கொக்கி. அதே குடும்பத்து உள்ளூர் மரம் நோட்டிலியா. இலையில் நரம்பு வலை தடவினாலே கைக்குப் புலப்படும்.

இனி உங்கட கொடி. முடக்கத்தான் இல்லை. அதன் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கோ: கார்டியோஸ்பெர்மம் கிராண்டிஃப்ளோரம், பலூன் கொடி என்கிற தென்னமெரிக்காக் கொடி. முடக்கத்தான் காய் மூன்று சென்டிமீட்டருக்குள்ள. இதன்ர காய் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் கிட்ட. கொடி மரத்தின்ர உச்சிக்கே ஏறிப் போர்த்திவிடும். முடக்கத்தான் விதையில் வெள்ளை இதயக்குறி இருக்கும், இதில் வட்டத் தழும்புதான். ரசம் வைக்காதீங்கோ. இனம் வேற, அதுவும் இல்லாமல் கவுன்சில் எப்ப மருந்தடித்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அதை மரத்திலிருந்து இழுத்து இறக்கவும் வேண்டாம். தாங்குகிற மரத்தின்ர கிளையும் சேர்ந்து முறிஞ்சு வரும், காய்ப் பைகள் உடைந்து விதை எல்லா இடமும் சிதறும். பை மிதக்கும், ஓடையோட போய்க் கீழே இருக்கிற எல்லாரின்ர கரையிலும் ஏறும். இடுப்பு உயரத்தில ஒரு வெட்டு, தரையோட ஒரு வெட்டு, அடித்துண்டில் உடனே மருந்து. மேலே இருக்கிறது தானாகக் காய்ந்து விழும். காய் முற்றுவதற்கு முதல், பூக்கிற காலத்திலேயே இதைச் செய்தால் ஒரு வருச விதை மிச்சம்.

அதே கரையில் சதைப்பற்றான இதய வடிவ இலையோட ஒரு கொடி இருந்தால், கொடிப்பசலை என்று நினைத்துக் கீரைக்குப் பறிப்பீங்கள். அது மடீரா கொடி, பசலைக் குடும்பம்தான். தண்டெல்லாம் கரணை கரணையாகச் சின்னக் கிழங்கு தொங்கும். ஒரு இழுவைக்கு நூறு கிழங்கு தரையில் விழும், ஒவ்வொன்றும் முளைக்கும். இதை வெட்டவே கூடாது. தண்டின்ர ஒரு பக்கப் பட்டையை மட்டும் கத்தியால் நீளமாகச் சுரண்டி, சுரண்டச் சுரண்ட மருந்து தடவ வேணும். பாதிச் சுற்றளவுக்கு மேல் சுரண்டினால் தண்டு அறுந்து மருந்து கிழங்குக்குப் போகாது. கீழே பழைய துணியோ தார்ப்பாயோ விரித்துவிட்டுத் தொடங்குங்கோ. விழுந்த கிழங்கு கட்டிய பையில் குப்பைக்குத்தான் போக வேணும், தோட்டக் கழிவுக்கான பச்சை மூடித் தொட்டிக்குள் போடக்கூடாது.

தரையில் முள்ளோட பஞ்சு மாதிரி இலை இருக்கிற அஸ்பராகஸ், எங்கட தண்ணீர்விட்டானின்ர இனம். கீழே முத்து முத்தாகக் கிழங்கு இருக்கும், அதைத் தோண்டிக் கிளப்பத் தேவையில்லை. அது தண்ணீர் சேமிப்புத்தான், முளைக்காது. முளைக்கிறது நடுவில இருக்கிற கெட்டியான முடிச்சு. பழைய கத்தியால் அதைச் சுற்றி வேர்களை அறுத்து முடிச்சை மட்டும் எடுத்தால் போதும், மண்ணும் கலங்காது.

கடைசியாக ஒன்று, இது தமிழ்க் குழு என்பதால் கட்டாயம் சொல்ல வேணும். ஓடையில் பொன்னாங்காணி மாதிரி ஒன்று மிதந்தால் கைவைக்காதீங்கோ. 1990களில் ஆஸ்திரேலிய நகரங்கள் பலதில் இலங்கை ஆட்களின்ர வீட்டுத் தோட்டத்தில் பொன்னாங்காணி என்று வளர்ந்தது உண்மையில் அலிகேட்டர் வீட் என்ற நீர்க்களை என்று கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே பேரினம், ஆல்டர்நாந்தெரா, ஆனால் வேற வேற செடி. பொன்னாங்காணிக்கு வெள்ளைப் பூ இலைக் கணுவோட ஒட்டியிருக்கும். அலிகேட்டர் வீட் பூவுக்கு சில சென்டிமீட்டர் நீளக் காம்பு இருக்கும், தண்டு உள்ளே குழாய். ஒரு கணு அறுந்து ஓடையில் போனாலே போதும், கீழே புதுசாகப் பிடித்துவிடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைக்கே கவுன்சில் களை அலுவலரிடம் சொல்லுங்கோ. வீட்டில் யாராவது வளர்க்கினம் என்றாலும் பயப்படாமல் சொல்லச் சொல்லுங்கோ, அவர்களே வந்து அப்புறப்படுத்துவார்கள். மற்றவர்களுக்குத் தண்டு கொடுக்கிறதை மட்டும் உடனே நிற்பாட்ட வேணும்.

ஓடைக்கரையான்:

இருவருக்கும் நன்றி. மேட்டிலிருந்துதான் தொடங்கப் போகிறோம். ஆனால் இருபத்தைந்து பேரை மரத்தடியில் உட்கார்ந்து நாற்று பிடுங்கச் சொன்னால் அடுத்த மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள். குழந்தைகளுக்கு நடுகை வேண்டும். 300 கன்றைக் கைவிடத்தான் வேண்டுமா?

கன்றுக்குழி:

கைவிட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கிக்குயூ புல் பிடித்த பூங்கா ஓரம் இருக்கிறதே, அங்கே மண்ணுக்குள் உள்ளூர் விதை மிச்சம் இருக்க வாய்ப்பு குறைவு. நடுகை அங்கேதான் நியாயம். மேட்டில் நட்டால் தானாக முளைக்க இருப்பதன் இடத்தை நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

முதலில் "300 மரம்" என்பதை மறந்துவிடுங்கள். 300 கன்று என்பது அறுபது சதுர மீட்டர், அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு ஐந்து. அதில் 240 தரையை மூடும் புல்லும் லொமாண்ட்ராவும் டயனெல்லாவும், ஒரு 45 பர்சேரியாவும் வாட்டில் (அகேசியா) வகைகளும், மரம் பதினைந்துக்குள் போதும். அந்தப் பதினைந்துமே வளர்ந்த பின் நெருக்கமாகத்தான் இருக்கும். மரத்தை மட்டும் நட்டால் அடியில் கிக்குயூதான் ஆளும். ஓடைக்கு நெருங்கிய தாழ்வில் கேரக்ஸ் அப்ரெஸ்ஸா, லொமாண்ட்ரா, பேப்பர்பார்க் வகைகள், சவுக்கு இனத்துக் காசுவரினா கிளாக்கா. மேடேற ஏற ஃபாரஸ்ட் ரெட் கம், கிரே பாக்ஸ். கன்று அதே பகுதி விதையிலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும். கவுன்சில் நாற்றங்காலில் கேட்டு ஆறு மாதத்துக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டியிருக்கும். கடையில் விற்கிற கிரெவிலியா கலப்பினங்களைக் கொண்டுவந்து நுழைக்க வேண்டாம்.

வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வேம்பு இந்நாட்டின் வடபகுதியில் அறிவிக்கப்பட்ட களை. கறிவேப்பிலைப் பழத்தைப் பறவை தின்று பரப்பும், வேரிலிருந்தும் கன்று கிளம்பும். காட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கிக்குயூவை சூப்பர்வைசர் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை மருந்தடித்துக் கொன்ற பிறகுதான் நடுகை. ஒருமுறை அடித்துவிட்டு நட்டால் உள்ளே ஓடுகிற தண்டு கோடையில் எழுந்து கன்றை மூடிவிடும். நடும் காலம் மார்ச் முதல் மே. மேற்கு சிட்னியில் உறைபனி விழும், அதனால் ஜூலையில் நட்ட பிஞ்சு வாட்டில் கருகும். நவம்பருக்குப் பின் நட்டால் தண்ணீர் சுமந்தே குழு கலைந்துவிடும். ஜூலை கடைசி ஞாயிறு தேசிய மரநாளாகக் கொண்டாடுவார்கள். விழா அன்றைக்கு வைத்தாலும் அந்தக் கன்றுகள் கெட்டியாக, வெளியில் பழகியவையாக இருக்கட்டும்.

நடும் முறை. கன்று வளர்ந்திருக்கும் சின்னக் குழாய்த் தொட்டியை வாளித் தண்ணீரில் முழுக்க அமுக்கிக் குமிழி நிற்கும்வரை பிடியுங்கள். காய்ந்த வேர்மண் ஒருமுறை தண்ணீரைத் தள்ளிவிட்டால் பின்னால் எத்தனை ஊற்றினாலும் பக்கவாட்டில் ஓடும். குழி குழாயைப் போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் அதைவிடச் சற்றே அதிகம். களிமண்ணில் இயந்திரத் துரப்பணம் போட்டால் குழியின் சுவர் வழவழவென்று மெழுகிவிடும், வேர் சுவரைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும். மண்வெட்டி முனையால் சுவரைக் கீறிவிடுங்கள். குழாயைத் தலைகீழாகப் பிடித்து விளிம்பைத் தட்டினால் கன்று வரும், தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாற்றுக் கலவையின் மேல்மட்டம் தரையை விட ஒரு சென்டிமீட்டர் தாழ இருந்து அதன்மேல் களிமண் மூட வேண்டும். கலவை வெளியே தெரிந்தால் அது திரி போல ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றிவிடும். சுற்றிலும் தட்டு போல் பள்ளம், ஒரு லிட்டர் தண்ணீர் மெதுவாக. உரம் போடாதீர்கள். இந்த மண் பாஸ்பரஸ் குறைந்தது, செடிகள் அதற்கே பழகியவை. உரம் களைக்குத்தான் விருந்து.

வெள்ளம் ஏறுகிற மட்டத்தில் மரத்தூள் மூடாக்கும் பிளாஸ்டிக் காப்பும் வேண்டாம், முதல் மழையில் இரண்டும் ஓடையில் மிதக்கும். சணல் விரிப்பை மேட்டிலிருந்து கீழாக விரித்து, விளிம்பை மண்ணுக்குள் புதைத்து, சதுர மீட்டருக்கு நாலைந்து கம்பி ஊசி அடித்து, கீறலிட்டு அதன் வழியே நடுங்கள். மேட்டுப் பக்கம் மட்டும் மூங்கில் குச்சியும் அட்டைக் காப்பும். முயல் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இருந்தால் காப்பில்லாத புல்கன்று ஒரே இரவில் போய்விடும்.

கூட்டத்துக்கு இன்னொரு வேலை: டிராட் சுருட்டுவது. இதற்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், குழந்தைகள் நன்றாகச் செய்வார்கள். மேட்டுப் பக்க எல்லையில் தொடங்கி, பாய் சுருட்டுவது போல் சருகோடு சேர்த்து உருட்டி, பிறகு சருகை உதறித் தரையில் போடுங்கள். ஒரு கணு விட்டாலும் முளைக்கும், ஆகவே அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொரு தடவை விரலால் தேட வேண்டும். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் சில வாரம் வைத்தால் வெந்துவிடும். நாய் வைத்திருப்பவர்கள் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகட்டும், பல நாய்களுக்கு அந்தச் சாறு பட்டால் வயிறும் பாதமும் சிவந்து அரிக்கும்.

இலைதழை:

மருந்து மருந்து என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். குடும்பத்தோடு வரும் குழுவுக்கு மருந்தே இல்லாமல் செய்ய முடியாதா? லந்தானா வேர் மேலோட்டமானது; கொத்துக் கோடரியால் நாலு பக்கமும் வெட்டி நெம்பினால் வந்துவிடும். டிராட், எர்ஹார்ட்டா, அஸ்பராகஸ் மூன்றுமே கைவேலை. நாற்றுப் பிரிவெட்டும் கைவேலைதான்.

வேர்வரை:

நீங்கள் சொன்ன பட்டியல் முழுக்கச் சரி, மேட்டிலும் நடுவிலும் முதல் ஒரு வருடத்தை மருந்து தொடாமலே ஓட்டலாம். மருந்துக் குப்பியைச் சூப்பர்வைசரும் பயிற்சி எடுத்த இரண்டு பெரியவர்களும் மட்டும் தொட வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பதும் விதியாக இருக்கட்டும்.

சிக்கல் ஓடைக்கரைப் பிரிவெட்டில். நெம்புகோல் கருவியால் வேரோடு பிடுங்கலாம், ஆனால் ஒவ்வொரு பிடுங்கலும் ஒரு வாளி மண்ணை உடைத்துப் போடும். சரிவில் அது மழையோடு ஓடைக்குள். மருந்தில்லாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் அடிக்கட்டை சாக வருடக்கணக்காகும், நடுவில் இரண்டு மாதம் விட்டால் பத்துத் தளிர் நிற்கும். விரல்நுனி அளவு மருந்தைக் கட்டையின் மேல் மட்டும் தடவுவதையும் தெளிப்பானில் அடிப்பதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். தெளிப்பு உங்கள் குழுவுக்குத் தேவையே இல்லை, கிக்குயூவைத் தவிர. அதற்கும் மாற்று இருக்கிறது: கறுப்புத் தார்ப்பாய் போட்டுக் கோடை முழுக்க மூடிவைப்பது. அறுபது சதுர மீட்டருக்கு அது செய்யக்கூடியதே, பாதசாரிகள் தடுக்கி விழாமல் விளிம்பைப் புதைத்தால்.

வெட்டிய லந்தானாவைக் குவியலாகத் தரையில் போடாதீர்கள். ஈரத்தில் கணு மண்ணைத் தொட்டால் வேர் விடும். தடித்த கொம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை போல் செய்து, அதன்மேல் போட்டால் காய்ந்து மக்கும். பல்லிக்கும் பூச்சிக்கும் இடமாகவும் இருக்கும். காய் உள்ள கிளையைத் தனியாகப் பையில்.

மணல்வீடு:

இன்னும் சில சில்லறை விசயம். ஒவ்வொரு முறையும் இடத்துக்குள் போக முதலும் வந்த பிறகும் சப்பாத்தின்ர அடி மண்ணைத் தூரிகையால் முழுக்கத் தட்டிவிட்டு, 70 சதவீத மெதிலேற்றட் ஸ்பிரிட் தெளியுங்கோ. மண் ஒட்டியிருக்கத் தெளித்தால் பிரயோசனம் இல்லை. வேரழுகல் கிருமி (ஃபைட்டோஃப்தொரா) அந்த மண்ணோடதான் போகும். 2010-ல் இந்த மாநிலத்துக்குள்ள வந்த மர்ட்டில் ரஸ்ட் என்ற பூஞ்சண நோய் இன்னொன்று. பேப்பர்பார்க், யூக்கலிப்டஸ் குடும்பத்தின்ர இளந்தளிரில் மஞ்சள் தூள் கண்டால் தட்டிப் பார்க்காதீங்கோ, அந்தத் தூள்தான் வித்து, உடுப்பில் ஒட்டி அடுத்த காட்டுக்குப் போகும். படம் எடுத்து அறிவியுங்கோ.

நீளக்கை, நீளக்காற்சட்டை, மூடின சப்பாத்து. சருகுக்குள்ள கையைவிட முதல் குச்சியால் கிளறிப் பாருங்கோ. சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு ஓடைக்கரை ஆள். வீட்டுக்குப் போய் உண்ணி பார்க்கிறதும் முக்கியம், பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும். முழு நெருப்புத் தடை நாளிலும் கடும் வெயில் நாளிலும் வேலை இல்லை.

ஓடையோரம் விளிம்பு கூராக உடைத்த கல் துண்டு கிடைத்தால் எடுக்காதீங்கோ. இது தாருக் என்ற ஆதிக்குடி மக்களின்ர நிலம், அப்படிக் கல்லாயுதங்கள் ஓடைக்கரைகளில் அடிக்கடி வெளிப்படும், சட்டப் பாதுகாப்பும் உண்டு. கிடந்த இடத்திலேயே விட்டு சூப்பர்வைசருக்குச் சொல்ல வேணும்.

கன்றுக்குழி:

முதல் நாளே செய்ய வேண்டியது, பெரும்பாலும் மறந்துபோவது: நாலு மரக்குச்சி அடித்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் கைபேசியை வைத்து ஒரே திசையில் படம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே குச்சி, அதே திசை. அடுத்த வருடம் கவுன்சிலிடம் ஒப்பந்த ஆட்களைப் பிரிவெட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போது இந்தப் படங்களைத்தான் முன்வைப்பீர்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, எத்தனை பேர், எந்தத் திட்டு, என்ன எடுத்தோம் என்று நாலு வரி.

இருபத்தைந்து பேரும் வந்தால் ஆறு ஆறாகப் பிரியுங்கள்: ஒரு குழு மேட்டில், ஒன்று டிராட்டில், ஒன்று குப்பை பொறுக்க, ஒன்று தண்ணீர் ஊற்ற. மேட்டுக் குழு மட்டும் மாதாமாதம் அதே ஆட்களாக இருக்கட்டும், மற்றவை மாறி மாறிப் போகலாம். நாற்றிலேயே செடியை அடையாளம் தெரிய ஒரே ஆள் ஒரே இடத்தைப் பல மாதம் பார்த்திருக்க வேண்டும்.

ஓடைக்கரையான்:

அடுத்த ஞாயிறு மேட்டில் ஆறு பேர், டிராட்டில் குழந்தைகளோடு மீதிப் பேர் என்று சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். கிக்குயூவுக்குத் தார்ப்பாய் முறையையே முயலலாம் என்கிறார். இப்போது போட்டால் மார்ச் கடைசியில் எடுத்துவிட்டு ஏப்ரலில் நடலாமாம். ஒரே சந்தேகம்: பலூன் கொடி இப்போது பூவும் பச்சைக்காயுமாக நிற்கிறது. மேட்டு வேலை முடியும்வரை விட்டுவைக்கவா?

மணல்வீடு:

இதுக்கு மட்டும் வரிசையை மீறலாம். காய் பழுப்பாக முதல், இரண்டு பேர் சூப்பர்வைசரோட போய் அடியை வெட்டி மருந்து வைத்துவிட்டு மேட்டுக்குத் திரும்புங்கோ. நிழல் குறையாது, மண்ணும் கலங்காது, பிரிவெட் அப்படியே நிற்கும். கைக்கு எட்டுகிற காயை மட்டும் பறித்துப் பையில் போடுங்கோ, எட்டாததை விட்டுவிடுங்கோ.